லிங்க்மேன் தேடி மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரை

ஒரே நாளில் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மூன்றையும் சுற்றிவர முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். 1974 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நானே சுற்றியிருக்கிறேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன், மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் கோயிலையோ கடலையோ பட்டுப்புடவையையோ பார்க்கப் போகவில்லை. எங்கள் கால்பந்து கிளப்புக்கு ஒரு லிங்க்மேன் பார்க்கப் போனேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு கவலையோடு போயிருக்க மாட்டார்கள்.

லிங்க்மேன் என்றால் என்ன என்று இளைய வாசகர்கள் கேட்பீர்கள். அந்தக் காலத்து ஆட்டத்தில் கோல்கீப்பர் போக பின்னால் நாலு பேர், முன்னால் நாலு பேர், நடுவில் இரண்டே பேர். பின்னால் இருப்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கிற அந்த இரண்டு பேர்தான் லிங்க்மேன்கள். இன்று மிட்ஃபீல்டர் என்கிறார்கள். எங்கள் கிளப்பின் பெயர் தெப்பக்குளம் லெவன். மூன்றாவது டிவிஷனில் கடைசிக்கு முந்தின இடத்தைப் பல வருஷமாக விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தோம். அப்படிக் காப்பாற்றியதில் பாதிப் பெருமை செல்வம் என்கிற லிங்க்மேனுக்கு உண்டு.

அந்தச் செல்வம்தான் சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது எங்களை விட்டுப் போனான். ஒரு பெரிய ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, இனி அந்த ஆபீஸ் டீமுக்குத்தான் ஆடுவான். போனது பெரிய துக்கம் என்றால், அதற்கான விண்ணப்பத்தை டைப் அடித்துக் கொடுத்தது நான் என்பது அதைவிடப் பெரிய துக்கம். வடக்கு மாட வீதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வேலை. செல்வம் வந்து நின்றான், நானும் அழகாக மார்ஜின் விட்டு, "கால்பந்தில் சிறந்த தேர்ச்சி" என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டு அடித்துக் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததிலிருந்து குளக்கரையில் என்னை யாரும் மனுஷனாக மதிக்கவில்லை.

என்னை அதிகமாகப் படுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஏழுமலை, தண்ணித்துறை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தான். இன்னொருவன் வரது, தபாலாபீஸ் குமாஸ்தா, சித்திரக்குளம் பக்கத்தில் வீடு. நாங்கள் மூவரும் ஆட்டக்காரர்கள் அல்ல, வெறும் ரசிகர்கள். தினமும் சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்து பதினோரு புளியங்கொட்டையை வரிசையாக வைத்து டீமை நகர்த்துவோம். கோல்கீப்பருக்கு மட்டும் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கின கொட்டை. செல்வம் போன பிறகு நடுவில் ஒரே ஒரு கொட்டைதான் இருந்தது. பக்கத்து இடம் காலி.

"அந்த எடத்துக்கு அந்தோணிதான்பா. குப்பத்து அந்தோணி. எதுக்க ஒருத்தன் வந்தான்னா அவன் பந்தோட போவமாட்டான். ஆளும் போவமாட்டான்" என்பான் ஏழுமலை.

"ஆளை விழத்தட்டறதுக்கு லிங்க்மேன் எதுக்கு? ஒரு மாட்டை அவுத்து விட்டா போறுமே. தி.நகர்ல சுரேஷ்னு ஒரு பையன் இருக்கான். பந்தை வெச்சுண்டு ஒரு நிமிஷம் யோசிக்கறான் பாரு, அதைப் பார்க்கறதுக்கே காசு குடுக்கலாம்" என்பான் வரது.

"யோசிக்கிறதுக்கு அவன் இன்னா பரிச்சையா எழுதறான்?"

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப் செக்ரட்டரி மாணிக்கம் சார் படியிறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு பாரம். ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டு லீக் ஆபீசில் கொடுக்க வேண்டிய பதிவுப் பாரம் அது.

"உங்க மூணு பேர் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துடுச்சு. பாரம் இது ஒண்ணுதான் மிச்சம், வேற கேட்டா தரமாட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்பி லீக் ஆபீஸ் போறேன். அதுக்குள்ள மூணு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு ஆளோட கையெழுத்து இதுல வரணும். வரலேன்னா எங்க அக்கா பையனைப் போட்டுடுவேன்" என்றார்.

அவருடைய அக்கா பையனை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கமான பையன். பந்து அவன் பக்கம் வந்தால் மரியாதையாக நகர்ந்து வழிவிடுவான். மாணிக்கம் சார் போன பிறகு ஏழுமலை என் பக்கம் திரும்பினான்.

"ஏ டைப்பு, போனவன அனுப்பினது நீ. வர்றவன இட்டாரதும் நீதான். நாளிக்கு ஆள் கெடைக்கல, அப்பால நீ இந்தப் படில குந்தாத. சொல்ட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படியை விட்டால் எனக்குப் போக வேறு இடம் கிடையாது.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் குளத்தின் கிழக்குப் பக்கம் கூடினோம். இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு சொல்லியிருந்தேன். தெற்கு மாட வீதி முனையில் நாலு இட்லி, ஒரு வடை, காப்பி. தலைக்கு எழுபத்தைந்து பைசா. பயணம் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மயிலாப்பூரில் ஏழு மணிக்குமுன் சாப்பிட்டுவிடுங்கள் என்பதுதான். அதற்குப் பிறகு கோயிலிலிருந்து வருகிற கூட்டம் இலையைப் பிடித்துவிடும்.

ஏழு பத்துக்கு அடையாறு பஸ். நாலரைக் கிலோமீட்டர், இருபது பைசா டிக்கெட். மந்தைவெளி தாண்டுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. நடுவில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் பின்வாங்கி நின்றால் போதும் என்றான் வரது. இரண்டு பேருமே பின்னால் நிற்க வேண்டும் என்றான் ஏழுமலை. வரது பையிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து மடியில் பரப்பினான். ஆர்.ஏ.புரம் திருப்பத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் எங்கள் கோல்கீப்பர் ஒரு அம்மாளின் கீரைக்கட்டுக்குள் போய்விட்டார். பின்வரிசையில் நடுவே நிற்கிற ஸ்டாப்பர் கண்டக்டரின் காலடியில். வரதுக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த ஒரு காகிதத்தை உருவி, பென்சிலால் மைதானம் போட்டு, பத்துப் புள்ளி வைத்து, அம்புக்குறி இழுத்தான். ஏழுமலை பென்சிலைப் பிடுங்கி வேறு அம்பு இழுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்கு ஒன்று இழுத்தேன்.

அடையாறு பாலத்தின் நடுவில் வரும்போதுதான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். லீக் பாரம். உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே பாரம். அதன் முதுகு முழுக்க அம்பு.

"முன்பக்கம் சுத்தமா இருக்கோல்லியோ, அது போறும்" என்று வரது மெதுவாகச் சொன்னான். அழிக்கலாம் என்றால் ரப்பர் இல்லை. பாரம் இனி என்னிடம்தான் இருக்கும் என்று வாங்கி நாலாக மடித்து உள்பையில் வைத்தேன்.

அடையாறில் இறங்கியது ஏழு முப்பத்தைந்து. அங்கிருந்து அந்தோணி இருக்கிற மீனவர் குப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம், அரைமணி நடை. பெரிய ஆலமரம் இருக்கிற அந்தத் தோட்டத்தின் மதிலை ஒட்டியே நடந்தால் நிழல் இருக்கும். இன்றைக்கும் சென்னையில் காலை நடைக்கு அதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது. போகும்போது தண்ணீர் எடுத்துப் போங்கள், நாங்கள் எடுக்கவில்லை.

கட்டுமரங்கள் கரையேறி மீன் விற்று முடிந்த நேரம். மணலில் ஏழுக்கு ஏழு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தோணி யார் என்று ஏழுமலை காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கறுத்து, கட்டுமஸ்தாக, இடுப்பில் மடித்துக் கட்டின லுங்கியோடு ஒருவன் நடுவில் நின்றான். அவன் பக்கம் போன பந்து திரும்பி வரவில்லை. ஒருதரம் மூன்று பேர் சேர்ந்து மோதினார்கள், மூன்று பேரும் மணலில் கிடந்தார்கள், அவன் பந்தோடு நடந்து போனான். வரது என்னைப் பார்த்தான். "சரி, மாட்டை அவுத்துதான் விடணும் போலிருக்கு" என்று ஒப்புக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து வந்து உட்கார்ந்தவனிடம் ஏழுமலை விஷயத்தைச் சொன்னான். அந்தோணி முகம் மலர்ந்தது. பிறகு, "மேச்சு எத்தினி மணிக்கு?" என்று கேட்டான்.

"சாய்ங்காலம் நாலரைக்கு."

"அடப்பாவி. நாலு மணிக்கு நான் வல உடப் போவேனே. நான் போவலன்னா கட்டுமரத்துல இன்னும் ரெண்டு பேருக்குப் பொழப்பு இல்ல. காலீல எட்டு மணிக்கு வெச்சுக்கச் சொல்லுபா, ஷோக்கா வர்றேன்."

லீக் ஆபீசில் பேசி எல்லா மேட்சையும் காலைக்கு மாற்றிவிடலாமா என்று ஏழுமலை நிஜமாகவே யோசித்தான். அவனைச் சமாதானப்படுத்திக் கிளப்புவதற்குள் ஒன்பதரை ஆகிவிட்டது. அந்தோணிக்கு மனசு கேட்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று, அவன் வீட்டுக் கூரையில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலிக் கருவாட்டைப் பழைய செய்தித்தாளில் ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தான். ஏழுமலை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

பத்து இருபதுக்கு அடையாறிலிருந்து தி.நகர் பஸ். சைதாப்பேட்டை வழியாக எட்டு கிலோமீட்டர், முப்பது பைசா. உட்கார இடமே இல்லாத பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் தாராளமாக இருந்தது. "யாருப்பா அது கருவாடு? எறங்கு இல்ல தூக்கிப் போடு" என்றார் கண்டக்டர். "டிக்கெட் வோணா போட்டுக்க சார், தூக்கிலாம் போட முடியாது" என்றான் ஏழுமலை. கண்டக்டரே சிரித்துவிட்டார். வரது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, எங்களைத் தெரியாதவன் மாதிரி வந்தான்.

பனகல் பார்க்கில் பதினொரு மணிக்கு இறங்கினோம். வரதுவின் ஆள் சுரேஷ் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். காதை மூடிய முடி, கழுத்தில் நாய்க்காது காலர். மெல்லிசைக் குழுவொன்றில் பாங்கோஸ் வாசிக்கிறவன். மொட்டைமாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பந்து ஒன்று வாங்கிக்கொண்டு கீழே சந்தில் வந்து எங்களுக்காக ஆடிக் காட்டினான். உள்ளபடி சொல்கிறேன், கால் அவ்வளவு நயமாகப் பேசி நான் பார்த்ததில்லை. சந்தின் அந்தக் கோடியில் இருந்த பால்காரர் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பந்தை அனுப்பிக் காட்டினான். ஏழுமலையே வாயைப் பிளந்தான். நான் உள்பையிலிருந்து பாரத்தை எடுத்தேன்.

"கையெழுத்துப் போட நான் ரெடி. ஆனா சென்டர் ஃபார்வர்டு" என்றான் சுரேஷ்.

"இல்லேப்பா, லிங்க்மேன். உன் பாஸுக்காகத்தானே வந்திருக்கோம்" என்றான் வரது.

"கோல் அடிக்கிறவனைத்தான் சார் ஜனங்க தோள்ல தூக்குறாங்க. பாஸ் குடுக்கிறவனை யாராவது தூக்கிப் பார்த்திருக்கீங்களா? மேடையிலும் நான் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கேன். மைதானத்துலயும் பின்னாடியா?"

ஒரு மணி நேரம் மன்றாடினோம். வரது கெஞ்சினான். கடைசியில் அவனுக்கும் வெறுத்துவிட்டது. மாடியிலிருந்து கிடார்க்காரர் கூப்பிட்டதும் சுரேஷ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறிப் போனான். நான் பாரத்தை மறுபடி மடித்தேன். மடிப்பில் அது கிழிய ஆரம்பித்திருந்தது.

பகல் சாப்பாடு உஸ்மான் ரோட்டில் ஒரு மெஸ்ஸில், ஒன்றே கால் ரூபாய், இரண்டாவது முறை ரசம் இலவசம். என் படி, என் கொட்டை, என் சாயங்காலம் எல்லாம் ரசத்தோடு இறங்கிப் போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. கை கழுவும்போதுதான் ஏழுமலைக்கு ஞாபகம் வந்தது. தி.நகர் போகிறான் என்று தெரிந்ததும் அவன் மனைவி ரவிக்கைத் துணி கேட்டிருந்தாள், கத்தரிப்பூ நிறம், முக்கால் மீட்டர். லிங்க்மேன் இல்லாமல் வீடு திரும்பலாம், ரவிக்கைத் துணி இல்லாமல் திரும்ப முடியாது என்றான்.

ஒன்று நாற்பதுக்கு ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தோம். சனிக்கிழமைக் கூட்டம். ரவிக்கைத் துணி மேஜையில் ஒரே ஒரு ஆள். இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒல்லி, நெற்றியில் ஒரு தழும்பு. அவனுக்கு எதிரே நாலு குடும்பம், நாலும் ஒரே சமயத்தில் பேசுகிறது. இடது பக்கத்து அம்மாவுக்குப் பச்சை, வலது பக்கத்துக்கு மஞ்சள், நடுவில் இருந்த கிழவருக்கு விலை. மடித்த துணிகளைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வீசினான். பின்னால் அலமாரி ஏணியில் நின்றவர் கையில் ஒவ்வொன்றும் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஏணிக்காரர் ஒரு படி இறங்கினார். அடுத்த துணியும் ஒரு படி இறங்கித்தான் போயிற்று.

நான் வரதுவைப் பார்த்தேன். வரது ஏழுமலையைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் மூவருக்கும் ஒரே எண்ணம் வந்திருந்தது.

"தம்பி, நீ பால் ஆடுவியா?" என்றான் ஏழுமலை.

"என்னண்ணே கேட்டிய? துணியா?" என்றான் அவன்.

"பந்துபா. ஃபுட்பால்."

அவன் கை ஒரு கணம் நின்றது. "ஊர்ல பள்ளிக்கூடத்துல ஆடிருக்கேன். இங்கன வந்து ரெண்டு வருசமாச்சு, பந்தைத் தொடல" என்றான். பெயர் துரைப்பாண்டி, திருநெல்வேலிப் பக்கம். நான் சும்மா பேச்சுக் கொடுக்கலாம் என்று பாரத்தை மேஜைமேல் வைத்தேன். அவசரத்தில் முதுகு மேலே இருக்கும்படி வைத்துவிட்டேன். அத்தனை அம்புகளும் கத்தரிப்பூ நிறத் துணியின்மேல் பளிச்சென்று தெரிந்தன.

துரைப்பாண்டி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "யாருண்ணே இத வரைஞ்சது?"

மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம்.

"ரெண்டு பேரு மட்டும் எப்படிண்ணே இம்புட்டு எடத்தையும் பாப்பாவ? ஒருத்தன் முன்ன போனாம்னா நடுவுல ஆளே இல்லியே. முன்ன நாலு பேரு சும்மா நிக்காவ பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். முன்வரிசையில் ஒரு புள்ளியை அடித்துவிட்டு அதையே நடுவில் வைத்தான். பிறகு அந்த மூன்று புள்ளிகளையும் நீட்டி ஒரு முக்கோணமாகக் கோடு போட்டான். எல்லாவற்றையும் மஞ்சள் துணி கேட்ட அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் செய்தான்.

வரது அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நாம ரெண்டு வாரமா கொட்டையை நகர்த்திண்டிருக்கோம்டா. ஒருத்தனுக்கும் இது தோணலையே" என்றான்.

கையெழுத்துக் கேட்டதும் துரைப்பாண்டி பின்வாங்கினான். கடை ஆட்கள் எல்லோருக்கும் மேல்மாடியில்தான் தங்கல், சாப்பாடு. சாயங்காலம் வெளியே போக முதலாளி சொல்ல வேண்டும். "நான் கேக்க மாட்டேண்ணே. வேல போயிரும்" என்றான். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

முதலாளியைத் தேடி நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கண்ணாடி நெற்றியில்.

"எலே, பட்டுப்புடவை இருக்க எடத்துல கருவாடு வாசம் எங்கனயிருந்து வருது?"

ஏழுமலை கக்கத்தை இறுக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டிவிட்டான். "நெத்திலி, மொதலாளி. இன்னிக்குக் காலீல குப்பத்துல கட்டுனது. உங்களுக்குத்தான்."

அவர் முகர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "சரி, கருவாடு இருக்கட்டும். துணி எடுக்க வந்தியளா, என் ஆளை எடுக்க வந்தியளா?" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

உள்ளே அவருடைய மேஜைக்குக் கூட்டிப் போனார். ஆடி மாதம் வியாபாரம் மந்தம், வாரத்தில் ஒரு சாயங்காலம் விடலாம், ஆனால் ஆவணி பிறந்தால் கல்யாணக் கூட்டம், அப்போது ஒரு ஆளையும் அசைய விட மாட்டேன் என்றார். எங்கள் லீக்கில் பாதிக்கு மேல் ஆவணியில்தான். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மூலையில், ஜமக்காளத்தால் மூடிய ஒரு பொருள் இருந்தது. அந்த வடிவத்தை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன்.

"அண்ணாச்சி, அது டைப்ரைட்டர்தானே?"

"ஆமா. ஏலத்துல எடுத்தேன். அடிக்க ஆளில்ல. பம்பாய் மில்லுக்கு நம்ம கைப்பட எழுதுனா பதிலே போட மாட்டேங்கான்."

"வாரத்துக்கு ஒரு சாயங்காலம் நான் வந்து உங்க லெட்டர் எல்லாம் இங்கிலீஷ்ல அடிச்சுத் தர்றேன். சீசன் முடியுற வரைக்கும். காசு வேண்டாம். ஆவணியிலும் துரையை விடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப ஒண்ணு அடியும், பாப்போம்."

அப்போது மணி மூன்று. ரிப்பன் காய்ந்து கிடந்தது, "e" எழுத்து பாதிதான் விழுந்தது. அண்ணாச்சி தமிழில் சொல்ல நான் இங்கிலீஷாக்கினேன். நாலு தடவை மனசு மாற்றினார். முதலில் மில்காரனைத் திட்டினார், பிறகு மரியாதையாக எழுதச் சொன்னார், பிறகு மறுபடி திட்டச் சொன்னார். என் நெற்றியிலிருந்து வியர்வை ரோலரில் சொட்டியது. நாலு ஐந்துக்குக் காகிதத்தை உருவி நீட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். புரிந்ததா என்று தெரியாது, ஆனால் மார்ஜின் நேராக இருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

"எலே தொர, போயி கையெழுத்துப் போடுல. கால ஒடிச்சிட்டு வந்தேன்னா சோறு கெடையாது."

துரைப்பாண்டி மேஜையில் குனிந்து, பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். எழுதி முடித்ததும் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ரவிக்கைத் துணிக்கு அவனே அரை அங்குலம் கூட விட்டு வெட்டிக் கொடுத்தான்.

நாலேகாலுக்கு வந்த பஸ் நிற்காமல் போயிற்று. நாலு இருபத்தைந்துக்கு வந்ததில் தொற்றிக்கொண்டோம். லஸ் முனையில் நாலு ஐம்பது. அங்கிருந்து கச்சேரி சாலையின் கிழக்குக் கோடிவரை ஒரு கிலோமீட்டர் ஓட்டம். வரது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். மாணிக்கம் சார் வாசலில் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

பாரத்தை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னடா இது கோலம்?"

"அம்பெல்லாம் நாங்க இழுத்தது சார். அந்த முக்கோணம் மட்டும் அவன் போட்டது" என்றேன்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மூணு பேரா நடுவுல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, "எங்க அக்காகிட்ட நீங்கதான்டா வந்து சொல்லணும்" என்று போய்விட்டார். லீக் ஆபீசில் பாரத்தின் முதுகைப் பார்த்த குமாஸ்தா அதைத் தள்ளிவிடவில்லையாம். வலது ஓரத்தில் மட்டும் ஒரு அம்பு சேர்த்தாராம்.

முதல் மேட்சே செல்வத்தின் ஆபீஸ் டீமோடுதான். ஒன்றுக்கு ஒன்று சமன். அதுவே எங்களுக்குத் திருவிழா. இரண்டாவது பாதியில் துரைப்பாண்டி இடது பக்கம் ஓடிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், வலது பக்கம் ஒரு பந்தை அனுப்பினான் பாருங்கள், ஏழுமலை பக்கத்தில் இருந்த யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் செல்வமே வந்து, "யாருடா இவன், எங்க புடிச்சீங்க?" என்று கேட்டான். "ஜாக்கெட் துணி எடுக்கப் போன எடத்துல" என்று சொன்னதை அவன் நம்பவில்லை. அண்ணாச்சியும் ஒரு மேட்சுக்கு வந்தார். அதற்குள் பம்பாய் மில்லிலிருந்து பதில் வந்திருந்தது.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்று அதே சுற்றுக்கு, நெரிசலையும் தோண்டிப் போட்ட சாலைகளையும் கணக்கில் வைத்தால் பயணத்துக்கே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மயிலாப்பூரில் காலை, அடையாறில் வெயில் ஏறுமுன் கடற்கரை, தி.நகர் மதியம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். தி.நகரை முதலில் வைத்தால் மற்ற இரண்டுக்கும் காலில் தெம்பிருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குமேல் தி.நகரிலிருந்து அவசரமாகத் திரும்ப நினைக்காதீர்கள். கருவாடு வாங்கினால் இரண்டு உறை போடச் சொல்லுங்கள். முக்கியமான காகிதம் எதையும் வாதாடுகிற நண்பனின் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று சீசன் துரைப்பாண்டி எங்களுக்கு ஆடினான். நாங்கள் ஏழாவது இடம்வரை ஏறினோம். 1977இல் ஒரு நாள் மதியம் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நின்றான். கையில் எழுதின காகிதம் ஒன்று, முகத்தில் சங்கடம். "ஒரு ஆபீஸ்ல கூப்பிடுதாவண்ணே. பென்சன் உள்ள வேல. அப்ளிகேசன் ஒண்ணு அடிக்கணும்" என்றான். என் மெஷினில் தாளை ஏற்றினேன். அழுகை வரும் போலத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு பிழை இல்லாமல் அடித்தேன், "கால்பந்தில் சிறந்த தேர்ச்சி" என்பதற்குக் கீழே கோடும் போட்டேன். சாயங்காலம் குளத்துப் படியில் போய் நானே சொன்னேன். வரது நடுவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தான். ஏழுமலை என்னை முறைத்தான், முறைத்துக்கொண்டே நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டான்.

அடுத்த சனிக்கிழமை காலை மூவரும் மறுபடி பஸ் ஏறினோம். இந்தத் தடவை பாரத்தோடு நாலு வெள்ளைத்தாளும் எடுத்துப்போனோம்.